மாடி அறையிலிருந்து கடல் வரை

கடல் தண்ணீர் மறுபடியும் மோசம் என்று ஆய்வகத்திலிருந்து ஃபோன் வந்த இடத்தில் போன வாரம் விட்டோம். ஒரு வாரமாகக் கொடியம்மாவைக் காதில் ஃபோனோடு நிற்க வைத்த பாவம் நம்மைச் சேரட்டும். இப்போது அவள் ஃபோனை வைக்கலாம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடியம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இந்தக் கடற்கரைக்கு அவள்தான் பொறுப்பதிகாரி. காலையில் கொடி ஏற்றுவது அவள் கை. பச்சை என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் பார்த்துக் குளிக்கலாம், சிவப்பு என்றால் கால் நனைக்கக் கூடாது. கார் நிறுத்துமிடம் நிறைந்ததும் சங்கிலி போடுவது, கடலுக்குப் போகிற பாதையில் வண்டி நிற்காமல் பார்ப்பது, வாராவாரம் முழங்காலளவு தண்ணீரில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவள் தலையில்தான். கறாரான பெண்மணி. சங்கிலி போட்ட பிறகு மேலதிகாரியின் காரே வந்தாலும் திருப்பி அனுப்பியவள். அனுப்பிவிட்டு, அன்று முழுக்க யாரும் தன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று தனியாக உட்கார்ந்து வருத்தப்பட்டவளும் அவள்தான்.

கடலைப் பார்த்து நிற்கிறதே ஒரு விடுதி, அது அவள் தம்பியுடையது. அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்து, ஆளாக்கி, அவனுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்ததில் அவளுடைய கல்யாணப் பேச்சு தள்ளிப்போய், தள்ளிப்போய், ஒருநாள் நின்றேவிட்டது. இப்போது விடுதியின் மாடியில், பின்பக்கப் படி ஏறிப் போகிற ஒற்றை அறை அவளுக்கு. சாப்பாடு கீழேயிருந்து வரும். வரும் என்றால் யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. கீழே கடைசிப் படியில் டப்பா இருக்கும். எடுத்துப்போய்ச் சாப்பிட்டு, கழுவித் துடைத்து, அதே இடத்தில் வைத்துவிடுவாள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அவரவருக்கு அவரவர் வேலை, அவ்வளவுதான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

சரி, ஃபோனுக்கு வருவோம். ஃபோனை வைத்தவள் மணலைப் பார்த்து நின்றாள்.

அழுக்கு எந்த வழியாக வருகிறது என்பது அவளுக்கு முன்பே தெரியும். மழைத் தண்ணீர் வடிகிற பழைய குழாய் ஒன்று மணலில் வந்து வாய் திறந்திருக்கிறது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் அந்த வாயில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. யாரோ கழிப்பறைக் குழாயைக் கொண்டுபோய் அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வடிகாலை ஒட்டி இருப்பவை மூன்றே கட்டடங்கள். பொதுக் கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, தம்பியின் விடுதி.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கழிப்பறையில் சாயப்பொடியைக் கொட்டித் தண்ணீர் விட வேண்டும். வடிகால் வாயில் அந்த நிறம் வந்தால் ஆள் அகப்பட்டான். போன தடவை மோசம் என்று வந்தபோதே பொதுக் கழிப்பறையில் கொட்டிப் பார்த்தாள், வரவில்லை. சாப்பாட்டுக் கடையில் கொட்டிப் பார்த்தாள், முதலாளி பத்து நிமிஷம் முணுமுணுத்ததுதான் மிச்சம், சாயம் வரவில்லை. மூன்றாவது இடத்துக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குக் கிடைத்தது. ஒருநாள் தலைவலி. ஒருநாள் காற்று அதிகம். சாயம் கொட்டுவதற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கலாம். அவளைக் கேட்கத்தான் ஆள் கிடையாது.

இன்றைக்குச் சாக்கு எதுவும் அகப்படவில்லை. தொடர் விடுமுறையின் முதல் நாள். காலையில் அவள் மஞ்சள் கொடி ஏற்றும்போதே கார்கள் வரிசை கட்டிவிட்டன. மணலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தம்பி புதிதாகக் கட்டிய பகுதியையும் சேர்த்து விடுதி முழுக்க ஆட்கள். நேற்று சாயங்காலம் படியடியில் அவளைப் பார்த்தவன் நின்று, சின்னப் பையனாட்டம் சிரித்து, ஒரு ரூம்கூடக் காலி இல்லைக்கா என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் அவளிடம் நின்று பேசியது அதுதான். ராத்திரி படுக்கும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்காக என்ன செய்ய முடியும்? நேற்று பாட்டிலில் பிடித்த அதே தண்ணீரில்தான் இன்று குழந்தைகள் முங்கி எழுகின்றன.

கடலோரம் காவல் இருக்கும் நீச்சல்காரரை வடிகால் வாயருகே நிற்கச் சொல்லிவிட்டு, சாயப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். விருந்தாளிகளின் அறைக்குள் போய்ச் சாயம் கொட்ட முடியாது. தம்பியைக் கேட்கவும் வாய் வரவில்லை. பின்பக்கப் படியேறித் தன் அறைக்கே போனாள். தன் குளியலறையிலேயே பொடியைக் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பளிச்சென்ற பச்சை, சுழன்று உள்ளே போனது.

பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். வரக்கூடாது, வரக்கூடாது என்று மனசுக்குள் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கடற்கரையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு சோதனை பொய்த்துப்போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது இன்றைக்குத்தான்.

ஃபோன் அடித்தது.

"மேடம், வந்துடுச்சு."

"என்ன கலர்?" என்றாள், பேதை மாதிரி.

நீச்சல்காரர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க என்ன கொட்டினீங்களோ, அதேதான் மேடம்."

ஆக, அவள் தினமும் பல் தேய்த்துக் குளித்து விட்ட தண்ணீரும் அவள் காவல் காக்கிற கடலுக்குத்தான் போயிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படியிறங்கினாள்.

மணலில் ஒரே வேடிக்கை. வடிகால் வாயிலிருந்து பச்சை நிறத்தில் ஓடை மாதிரி தண்ணீர் இறங்கி அலையில் கலந்துகொண்டிருந்தது. ஏதோ அதிசயம் என்று கூட்டம் சுற்றி நின்று ஃபோட்டோ எடுத்தது. ஒருவர் தன் குழந்தையை அந்த ஓடைக்குள்ளேயே நிறுத்தி, சிரி, சிரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொடியம்மா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி மணலில் விட்டாள். அப்பாக்காரர் அவளை முறைத்தார்.

நீச்சல்காரர் பக்கத்தில் வந்தார். நல்ல மனுஷர். அந்தச் சாயத்தை எங்கே கொட்டினீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அவள் எந்தப் படியிலிருந்து இறங்கி வந்தாள் என்பதைப் பார்த்திருந்தார்.

"லீவு முடியறவரைக்கும் மஞ்சளே பறக்கட்டும் மேடம். அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களும் ஒண்ணும் கொட்டலை."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். நாலு நாள் கண்ணை மூடிக்கொண்டால் தம்பி தப்பித்துக்கொள்வான். நின்று பேசுவான். சிரிப்பான். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே உறவு அவன். அந்த ஒன்றையும் தன் கையாலேயே வெட்டி எறிய வேண்டுமா?

அந்தக் குழந்தை மறுபடியும் பச்சைத் தண்ணீரைப் பார்த்துத் தத்தித் தத்திப் போனது.

கொடியம்மா கம்பத்தடிக்குப் போய் மஞ்சளை இறக்கிச் சிவப்பை ஏற்றினாள். கயிற்றை இரண்டு தடவை முடிந்தும் முடிச்சு நிற்கவில்லை. நீச்சல்காரர்தான் வாங்கிப் போட்டார்.

அதன் பிறகு நடந்ததை எழுத ஒரு பக்கம் போதாது. ஒலிபெருக்கியில் அறிவித்ததும் முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நிறுத்துமிடத்திலிருந்து வெளியே போக ஒரே ஒரு சந்து. உள்ளே வரத் துடிக்கிற கார்களும் வெளியே போகத் துடிக்கிற கார்களும் அதில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. நிறுத்துமிடத்துக் காவலாளிக்கு விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிவிட்டது. காற்றடித்த பெரிய ரப்பர் முதலையைக் காருக்குள் திணிக்க முடியாமல் ஒரு குடும்பமே அதனோடு மல்லுக்கட்டியது. அவர்களுடைய பெரியவர் கொடியம்மாவிடம் வந்து, உங்களுக்கெல்லாம் வீடு வாசல், பிள்ளை குட்டி கிடையாதா, நாங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம் தெரியுமா என்று கேட்டார். எவ்வளவு தூரம் என்பதற்கு மட்டும் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

தம்பி கடற்கரை அலுவலகத்துக்கு வந்தபோது அவள் தனியாக இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. விருந்தாளிகள் பெட்டியைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றான். பச்சைத் தண்ணீரின் படம் அதற்குள் ஃபோனுக்கு ஃபோன் பறந்து, அடுத்த வாரத்துக்குப் பேசி வைத்தவர்கள்கூட வேண்டாம் என்கிறார்கள் என்றான். எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்ததா என்று கேட்டான்.

"உன் விடுதியிலேருந்து."

"இருக்காதுக்கா. நம்ம வீட்டுத் தண்ணி செப்டிக் டேங்க்குக்குப் போகுது. கட்டின எனக்குத் தெரியாதா?"

"என் பாத்ரூம்லதான் சாயத்தைக் கொட்டினேன். வெளியில வர ரொம்ப நேரம்கூட ஆகலை." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "டேங்க்கைக் காலி பண்ண லாரி வந்து எவ்வளவு நாளாச்சு?"

அவன் யோசித்தான். யோசிக்கிறவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது.

"அதெல்லாம் அவதான் பாத்துக்கறா. எனக்குத் தெரியாதுக்கா."

"பொண்டாட்டி பின்னாடி ஒளியாதே."

"நான் ஒளியலை. நிஜமாவே எனக்குத் தெரியாது."

"சின்ன வயசுலேருந்து நீ சொல்ற ஒரே வார்த்தை இதுதான்" என்றாள் கொடியம்மா. "கண்ணாடி உடைஞ்சாலும் தெரியாது, ஸ்கூலுக்குப் போகலைன்னாலும் தெரியாது. அப்போ அடி விழாம நான் காப்பாத்தினேன். இப்போ ஊரே குளிக்கிற தண்ணியில விட்டுட்டு அதையே வந்து சொல்றே."

அக்காவை நன்றாகப் பார்த்தான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு அப்படிப் பார்க்க வராது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். போகும்போது மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் கடற்கரையில் ஈ காக்கை இல்லை. கொடியம்மா ஒரு சுற்று நடந்தாள். கார் நிறுத்துமிடத்தில் காவலாளி மட்டும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஊத எதுவும் இல்லாமல், விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் அவள் தொண்டை கட்டும் அளவுக்குப் பேசியிருப்பாள். வண்டியை எடுங்கள், நாயைப் பிடியுங்கள், குப்பையைக் கூடையில் போடுங்கள். யோசித்துப் பார்த்தால், அவளோடு மனிதர்கள் பேசுவதெல்லாம் அவள் அவர்களை ஏதாவது செய்யக்கூடாது என்று தடுக்கும்போதுதான்.

சாப்பாட்டு நேரம் தாண்டி விடுதிக்குப் போனாள். வாசல் பக்கம் அறைச் சாவிகளெல்லாம் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. பின்பக்கப் படியடியில் டப்பா இல்லை. அவள் எதிர்பார்த்துப் போகவில்லைதான், ஆனாலும் அந்த இடத்தைப் பார்த்தாள்.

தம்பி வந்து நின்றான். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"மாடி ரூம் வேணும்க்கா."

"எதுக்கு?"

"கெஸ்ட்டுக்கு."

விடுதியில் ஒரு விருந்தாளி இல்லை. எல்லா அறைக் கதவும் திறந்து கிடக்கிறது. கூட்டிப் பெருக்கியவர்கூட அரை நாளிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். அத்தனை அறையும் காலியாகக் கிடக்கிற வீட்டில், வருகிறவர்களுக்கு இடம் போதவில்லையாம்.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. எப்போது வேண்டும் என்று மட்டும் கேட்டாள். நாளைக்கே என்றான். சரி என்றாள். ஏன் என்று அவள் கேட்பாள் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனான்.

அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். துணிகளை எடுத்து அடுக்கினாள். இத்தனை வருஷம் இருந்த அறையைக் காலி செய்ய ஒரு சாயங்காலம்கூட ஆகாது போலிருந்தது. அழுகை வந்தது. வாய்விட்டே அழுதாள். கடல் சத்தத்தில் கீழே யாருக்கும் கேட்காது. எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். தம்பி மனைவி வாசலில் நின்றாள்.

இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அவள் இந்தப் படியேறி வந்தது கிடையாது. உள்ளே வரலாமா என்பது போல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதன் மேல் கிடந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டு, உட்காரு என்றாள் கொடியம்மா. அவள் உட்காரவில்லை.

"அந்தப் பைப்பை மாத்தச் சொன்னது அவர் இல்லை அண்ணி. நான்."

கொடியம்மா கையில் இருந்த புடவையை வைக்காமலே நின்றாள்.

தம்பி மனைவி மெல்ல மெல்ல, மென்று விழுங்கிச் சொன்னாள். செப்டிக் டேங்க் லாரி சந்துக்குள் வரவேண்டுமானால் நிறுத்துமிடம் திறப்பதற்கு முன்னால் வரவேண்டும், அதற்குக் கொடியம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும். போன வருஷம் ஒருநாள், நிறுத்துமிடம் நிறைந்து சங்கிலி போட்ட பிறகு லாரி தாமதமாக வந்தது. கொடியம்மா சங்கிலியைத் திறக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். லாரிக்காரனோடு பேசிக்கொண்டு சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது தம்பி மனைவிதான். கொடியம்மாவுக்கு லாரி ஞாபகம் இருந்தது. அவள் நின்றது ஞாபகம் இல்லை.

அதன் பிறகு அவள் குழாய் வேலைக்காரரைப் பிடித்து, லாரியே அடிக்கடி தேவைப்படாமல் ஒரு வழி செய்யுங்கள் என்றாள். சுவருக்குக் கீழே பழைய குழாய் ஒன்று போகிறது, மாடித் தண்ணீரையும் புது அறைகளின் தண்ணீரையும் அதில் சேர்த்துவிடலாம் என்றார் அவர். ஊர்ச் சாக்கடைக் குழாய் என்று அவரும் நினைத்தார், இவளும் நினைத்தாள்.

"கடலுக்குப் போகும்னு சத்தியமாத் தெரியாது அண்ணி. அவருக்கு இது எதுவுமே தெரியாது. நான் சொல்லலை."

கொடியம்மா புடவையைக் கட்டிலில் போட்டாள். நிஜமாவே எனக்குத் தெரியாது என்று அவன் நின்றுகொண்டு பார்த்த பார்வை இப்போதுதான் வந்து தைத்தது. கொடியை ஏற்றியதற்காக இல்லை. நம்பாததற்காகத்தான் அறையைக் கேட்டிருக்கிறான்.

"அது எந்தக் குழாய்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். கோபமாக வரவில்லை, கெஞ்சுகிற மாதிரி வந்தது. "மழைத்தண்ணி வடிகால்னு அப்பவே சொல்லியிருப்பேன். உன் தலைக்கு மேலதானே இருக்கேன். ஏன் கேக்கலை?"

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களைப் பாத்தாப் பயமா இருக்கும் அண்ணி. அதான் சாப்பாட்டைக்கூடப் படியிலயே வெச்சுட்டுப் போயிடுவேன்."

தன்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கொடியம்மா பல ராத்திரி நினைத்திருக்கிறாள். வேலை அதிகம், நேரமில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயப்படுவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இந்தப் பெண் கல்யாணமாகி வந்த அன்று, இனி பேச்சுத்துணைக்கு ஒருத்தி வந்தாள் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை எப்போதாவது வாய் திறந்து சொன்னாளா என்றால், இல்லை.

"அவர்கிட்டச் சொல்லிடாதீங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "விடுதிதான் அவருக்கு உயிர். நான்தான் காரணம்னு தெரிஞ்சா என்னை மன்னிக்கவே மாட்டார். நானே சொல்றேன். ஆனா இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு என்னால முடியாது."

தம்பியிடம் போய், உன்னை நம்பாமல் பேசிவிட்டேன், என் தப்பு என்று சொல்ல வேண்டுமென்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். கேட்டால் இவள் பெயரைச் சொல்ல வேண்டும். இவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு, அவனைப் பொய்யன் என்று சொன்னவளாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி படியேறி வந்திருக்கிறாள். கொடியம்மா அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

கீழே படியடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அக்கா? மேல யாரோ பேசற சத்தம் கேக்குது. யார் இருக்கா உன்கூட?"

அந்தப் பெண் மூச்சுக்கூட விடாமல் கொடியம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

கொடியம்மா வாசற்பக்கம் திரும்பினாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொன்ன வாய் அது.

"யாரும் இல்லைடா" என்றாள். "நான் மட்டும்தான்."